கடல் சத்தம் கேட்டால்தான் தூக்கம்

"ஏசி ஓடும்போது கதவைத் திறந்து வைக்கிறவங்களை என்ன பண்ணணும் தெரியுமா?" என்று கேட்டார் மெக்கானிக்.

"தெரியும். கல்யாணம் ஆனதுலேருந்து சொல்றீங்க" என்றாள் அவர் மனைவி, பால்கனிக் கண்ணாடிக் கதவை இன்னும் கொஞ்சம் தள்ளித் திறந்தபடி.

"தெரிஞ்சுமா திறக்கிற?"

"எனக்குக் கடல் சத்தம் கேட்டாத்தான் தூக்கம் வரும்."

"இத்தனை வருஷமா எந்தக் கடலைக் கேட்டுத் தூங்குன? நம்ம வீட்டுக்குப் பக்கத்துல இருக்கிறது பஸ் டிப்போ!"

"அதான் இத்தனை வருஷமாத் தூங்கவே இல்லை" என்று சொல்லிவிட்டு மனைவி போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

கப்பல் கிளம்பிய இரண்டாம் நாளே இப்படி ஒரு பிரச்சினை வரும் என்று மெக்கானிக் எதிர்பார்க்கவில்லை. ஆயுள் முழுக்க ஊரார் வீட்டு ஏசியைக் கழற்றி மாட்டியவர் அவர். கல்யாண மண்டபத்துக்குப் போனாலும் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மணமக்களைப் பார்ப்பார். ஒரு முறை வங்கியில் கதவைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று பேசிய மேனேஜரை, "உள்ள பேசுங்க, இல்ல வெளிய பேசுங்க" என்று சொன்னதால் அங்கே அவர் கணக்கு அவ்வளவு மரியாதையாக நடத்தப்படுவதில்லை. அவர் கடையை மூடி ஓய்வெடுக்க முடிவு செய்ததும், மகளும் மருமகனும் சேர்ந்து இந்தக் கப்பல் பயணத்துக்கு அனுப்பியிருந்தார்கள். கேபினில் ஒரு கட்டில், ஒரு சோபா, திரும்பினால் முழங்கை இடிக்கும் குளியலறை. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் இரண்டு நாற்காலி போடும் அளவுக்குப் பால்கனி. பக்கத்து பால்கனிக்கும் இதற்கும் நடுவே ஒரு தட்டி, அவ்வளவுதான்.

அந்தத் தட்டிதான் அவரைப் பயமுறுத்தியது. ஏசி என்பது வெளியில் சொல்லிக்கொள்ளும் காரணம். உண்மையான காரணம் குறட்டை.

அவருடையது சாதாரணக் குறட்டை இல்லை. பழைய கம்ப்ரஸர் ஸ்டார்ட் ஆகத் திணறுகிற மாதிரி ஆரம்பிக்கும். இரண்டு முறை உதறும். பிறகு பிடித்துக்கொண்டால் விடியும் வரை ஒரே சீராக ஓடும். மனைவி இதுவரை அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. வீட்டில் அந்தச் சொல்லையே யாரும் உச்சரிப்பதில்லை. 'அந்தச் சமாச்சாரம்' என்பதோடு சரி.

பேரன் பிறந்த புதிதில், மகள் வீட்டில் அவர் தங்கிய முதல் ராத்திரி, குழந்தை திடுக்கிட்டு எழுந்து வீறிட்டு அழுதது. விடியும் வரை அடங்கவில்லை. காலையில் மருமகன் காப்பியைக் கொடுத்துக்கொண்டே, "மாமா, ராத்திரி கரண்ட் போகலையே, யார் வீட்டுல ஜெனரேட்டர் ஓடுச்சு?" என்று சிரித்தார். நல்ல மனிதர், விளையாட்டாகத்தான் சொன்னார். மெக்கானிக்கும் சிரித்தார். அடுத்த ராத்திரி முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கண்ணிமைக்காமல் கழித்துவிட்டு மறுநாள் ஊருக்குத் திரும்பினார்.

அதிலிருந்து மகள் வீட்டில் அவர் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை. காலை ரயிலில் போய் மாலை ரயிலில் திரும்புவார். கடையில் வேலை என்பார். பேரன் தவழ்ந்து, உட்கார்ந்து, இப்போது எதையாவது பிடித்துக்கொண்டு நடக்கிறான். அவன் தூங்கி எழுந்து கண்ணைக் கசக்கும் முகத்தைத் தாத்தா ஒரு நாளும் பார்த்ததில்லை. மகளுக்கு அது பெரிய மனக்குறை. கப்பல் கடைசியாகப் போய் நிற்கும் துறைமுகம் மகளுடைய ஊர். இறங்கியதும் அங்கே சில நாள் தங்குவதாக மனைவி வாக்குக் கொடுத்திருந்தாள். கடையை மூடிவிட்டதால் இனி வேலை என்று சொல்லவும் வழியில்லை.

இந்த நிலையில்தான் கப்பலில் முதல் ராத்திரி அந்த விபத்து நடந்தது. வந்த களைப்பில், பால்கனிக் கதவு திறந்து கிடப்பதைக் கவனிக்காமல் அவர் கட்டிலில் சாய்ந்தார். சாய்ந்தவர் விடிந்துதான் எழுந்தார்.

"கதவு ராத்திரி பூராவும் திறந்தா இருந்துச்சு?" என்று பதறினார்.

"ஆமாம். காத்து நல்லா வந்துச்சு" என்றாள் மனைவி.

சாப்பிடப் போகும் வழியில் பக்கத்து கேபினிலிருந்து ஓர் இளம்பெண் குழந்தை வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மெக்கானிக்கைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. "குட் மார்னிங் அங்கிள்!" என்றாள். முன்பின் தெரியாத ஒருத்தி இப்படிச் சிரிக்க வேறென்ன காரணம் இருக்க முடியும்? கேட்டிருக்கிறாள். புருஷனிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். மெக்கானிக் பதிலுக்குத் தலையைக்கூட ஆட்டாமல் லிஃப்ட் இருக்கும் பக்கம் விரைந்தார். மனைவி மட்டும் நின்று அவளோடு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தாள்.

அன்று இரவு படுக்கப் போகும்போதுதான் மனைவி கதவைத் திறந்து வைத்து, கடல் சத்தம் என்று ஆரம்பித்தது.

அவள் கண்ணயர்ந்ததும் மெக்கானிக் பூனை மாதிரி எழுந்து கதவைச் சாத்தினார். தாழும் போட்டார். திரையையும் இழுத்துவிட்டார். கொஞ்சம் யோசித்து, சோபா மெத்தையை எடுத்துக் கதவோடு சாய்த்து வைத்தார். பிறகுதான் தூங்கினார்.

காலையில் மனைவி மெத்தையைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"ஏங்க, நான் உங்ககிட்ட இதுவரைக்கும் ஏதாவது கேட்டிருக்கேனா?"

"இல்லை."

"ஒரு கதவு. ஒரே ஒரு கதவைத் திறந்து வைக்கச் சொன்னேன்."

அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஒரு கதவுக்காகக் கண்கலங்குகிறவள் இல்லை அவள். மெக்கானிக்குக் குற்ற உணர்ச்சியாகிவிட்டது. இவளுக்குக் கடல் மேல் இவ்வளவு ஆசை இருந்திருக்கிறது, இத்தனை வருஷம் தெரியாமல் இருந்துவிட்டோமே என்று உருகிப்போனார்.

சாப்பாட்டு ஹாலில் பக்கத்து கேபின் பெண்ணைப் பார்த்தார். நேற்றைய சிரிப்பைக் காணோம். கண் சிவந்து, தலை கலைந்து, காப்பியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டுக் கலக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவள் கணவன் தட்டில் கன்னத்தை வைக்காத குறையாகச் சாய்ந்திருந்தான்.

கதவு, தாழ், திரை, மெத்தை அத்தனையும் தாண்டிக் கேட்டிருக்கிறது! சுவர் வழியாகவே போயிருக்கிறது!

இனி கதவு திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன. ராத்திரியில் தூங்கினால்தானே வம்பு? பகலில் எங்காவது தூங்கிக்கொண்டு, ராத்திரி கொட்டக் கொட்ட விழித்திருப்பது என்று முடிவு செய்தார். மனைவி ஆசைப்பட்ட மாதிரி கதவையும் திறந்து வைத்துவிடலாம். ஒரே கல்லில் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்தது.

"மேல் தளத்துல போய்க் கொஞ்சம் கண்ணை மூடலாம்னு பார்க்கிறேன்" என்றார்.

மனைவி முகம் மலர்ந்தது. "வாங்க, நானே நல்ல இடமாப் பார்த்துத் தரேன்."

அவளே கூட்டிக்கொண்டு போய், நீச்சல் குளத்தை ஒட்டி, நிழலில் ஒரு சாய்வு நாற்காலியைத் தேர்ந்தெடுத்தாள். துண்டை விரித்தாள். தொப்பியை முகத்தில் கவிழ்த்தாள். "இப்ப வந்துடறேன்" என்று எங்கேயோ போனாள். சுற்றிலும் நூறு பேர் பேச்சும் பாட்டும் கூச்சலுமாக இருந்ததால் தன் சத்தம் அதில் கரைந்துவிடும் என்று மெக்கானிக் தைரியமாகக் கண்ணை மூடினார்.

விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. அவரைச் சுற்றியிருந்த நாற்காலிகள் எல்லாம் காலி. கிடார் வாசித்துக்கொண்டிருந்தவர் மைக்கையும் ஸ்டாண்டையும் தூக்கிக்கொண்டு குளத்துக்கு எதிர்ப்பக்கம் குடிபோயிருந்தார். மிச்சம் இருந்தது ஒரே ஒரு நாற்காலி, இவருக்கு ஒட்டினாற்போல. அதில் பக்கத்து கேபின் பெண் வாயைத் திறந்து போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் வண்டி, மேலே துணி மூடியிருந்தது.

'அடப்பாவமே' என்று நினைத்தார் மெக்கானிக். 'ராத்திரிதான் என்னால தூங்கலை. இங்க வந்து கொஞ்சம் படுக்கலாம்னா இங்கயும் நான்! எவ்வளவு அலுத்துப் போயிருந்தா இந்தச் சத்தத்துலயும் மயங்கி விழுந்திருப்பா!' செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் நழுவினார்.

அன்று ராத்திரி கதவைத் தானே அகலத் திறந்து வைத்தார். மனைவிக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. "நீங்களும் படுங்க. நல்லாத் தூங்குங்க. எனக்காக" என்று தலையணையைத் தட்டிப் போட்டாள்.

"நீ தூங்கு. நான் கொஞ்ச நேரம் கடல் சத்தம் கேட்கிறேன்" என்றார் அவர், கண்ணை அகல விரித்துக்கொண்டு.

கதவைத் திறந்ததும் ஏசி நின்றுவிட்டது. கதவு திறந்தால் தானாக நிற்கும்படி நிலையில் ஒரு சின்ன காந்த சுவிட்ச் வைத்திருந்தார்கள். சற்று நேரத்தில் மனைவியின் நெற்றியில் வியர்வை அரும்பியது. பெண்டாட்டி வியர்வையில் புழுங்க, ஏசி மெக்கானிக் பார்த்துக்கொண்டிருப்பதா? பேரனுக்காகக் கப்பல் கடையில் வாங்கிய காந்த பொம்மை ஒன்று பையில் இருந்தது. அதை எடுத்து சுவிட்சின் மேல் ஒட்டினார். கதவு மூடியிருப்பதாக நினைத்து ஏசி ஜில்லென்று ஓட ஆரம்பித்தது. தொழில் கை விட்டுப் போகவில்லை என்று அவருக்கு உச்சி குளிர்ந்தது.

அந்தச் சமயத்தில்தான் தட்டிக்கு அப்பாலிருந்து குழந்தையின் அழுகை கேட்டது. சிணுங்கல் இல்லை, தொண்டை கிழியும் அழுகை. அந்தப் பெண் தோளில் போட்டுத் தட்டும் சத்தமும், அவள் கணவன் ஏதோ பாடத் தெரியாமல் பாடும் சத்தமும் கேட்டன.

'நான்தான் முழிச்சிருக்கேனே, இப்ப ஏன் அழுவுது?' என்று குழம்பினார். கொஞ்ச நேரத்தில் புரிந்துவிட்டது. பகலில் மேல் தளத்தில் கேட்ட சத்தத்தில் பிள்ளை பயந்திருக்கிறது. அந்தப் பயம் இன்னும் தெளியவில்லை! பேரன் வீறிட்ட அந்த ராத்திரி ஞாபகம் வந்தது. மெக்கானிக் மூச்சைக்கூட மெதுவாக விட்டபடி, விடியும் வரை சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். குழந்தையும் விடியும் வரை அழுதது.

விடிந்தபோது மேலே இருந்து ஒரு சொட்டு அவர் மூக்கில் விழுந்தது. ஈரக் கடற்காற்று உள்ளே வர வர, ஓடிக்கொண்டிருந்த குளிர்க்காற்று அதைத் தண்ணீராக்கி, கூரையெல்லாம் முத்து முத்தாகக் கோத்திருந்தது. தரைவிரிப்பு நனைந்து, காலை வைத்தால் சளக் சளக் என்றது. மனைவி போர்வைக்கு மேல் துண்டு, துண்டுக்கு மேல் அவர் சட்டை என்று போர்த்திக்கொண்டு தும்மிக்கொண்டிருந்தாள்.

கப்பலின் ஏசி டெக்னீஷியன் வந்தாள். அவர் மகள் வயதுதான் இருக்கும். கூரையைப் பார்த்தாள், நிலையைப் பார்த்தாள், பொம்மையை இரண்டு விரலால் பிடுங்கினாள்.

"சார் என்ன வேலை பார்க்கிறீங்க?"

மெக்கானிக் பொம்மையை வாங்கிப் பையில் போட்டார். "சும்மா... ரிட்டயர்டு."

"ஏசி மெக்கானிக்மா" என்றாள் மனைவி, தும்மலுக்கு நடுவில், பெருமையாக.

டெக்னீஷியன் அவர் பக்கம் திரும்பினாள். "நீங்களே சொல்லுங்க சார். ஏசி ஓடும்போது கதவைத் திறந்து வைக்கிறவங்களை என்ன பண்ணணும்?"

மெக்கானிக் ஒரு துண்டை எடுத்துத் தரைவிரிப்பை ஒற்ற ஆரம்பித்தார்.

அவள் போன பிறகு மெக்கானிக் நனைந்த துணிகளைப் பால்கனி நாற்காலியில் காயப் போட்டார். கேபின் பணியாளர் டீ கொண்டு வந்து வாசல் கதவைத் திறந்ததுதான் தாமதம், இரண்டு பக்கமும் வழி கிடைத்த காற்று ஒரு சுழற்று சுழற்றியது. டீ கப் கவிழ்ந்தது, திரை பணியாளர் தலையில் சுற்றிக்கொண்டது, மெக்கானிக்கின் பனியன் எழும்பித் தட்டியைத் தாண்டிப் பறந்தது. அதுவும் முதுகில் மூன்று ஓட்டை உள்ள பனியன். நல்ல பனியன்கள் எல்லாம் பெட்டியில் பத்திரமாக இருந்தன.

சிறிது நேரத்தில் கதவு தட்டப்பட்டது. பக்கத்து கேபின் பெண் பனியனோடு நின்றாள். கண்ணுக்குக் கீழே கருவளையம் இன்னும் பெரிதாகியிருந்தது.

"அங்கிள், இது உங்களுதா? அப்புறம் அங்கிள், உங்ககிட்ட ஒரு விஷயம்..."

"என்னுது இல்லை" என்று சொல்லிக்கொண்டே அதைப் பிடுங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார்.

"யாருங்க?" என்றாள் குளியலறையிலிருந்து மனைவி.

"யாரோ. ரூம் மாறி வந்துட்டாங்க."

மறுநாள் கப்பல் கரை சேர வேண்டும். சாயங்காலம் பெட்டி கட்ட உட்கார்ந்தார்கள். முந்தின ராத்திரி பூராவும் தூங்காததால் மெக்கானிக்கின் கண்கள் உள்ளே போயிருந்தன. மனைவி அவர் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டே, "பொண்ணு வீட்டுக்குப் போனதும் முதல்ல இதெல்லாம் ஒருதடவை துவைச்சுப் போடணும்" என்றாள்.

"என்னோடதை என் பையிலயே வை" என்றார் மெக்கானிக். "நீ அவ வீட்டுல இரு. நான் பக்கத்துல ஏதாவது லாட்ஜ் பார்த்துக்கிறேன். பகல்ல வந்துடறேன்."

சட்டையை மடித்த கை நின்றது. "பெத்த பொண்ணு வீடு இருக்கிற ஊர்ல லாட்ஜா?"

"புரிஞ்சுக்கோ."

"என்னத்தைப் புரிஞ்சுக்கறது? வழி மேல விழி வச்சுக் காத்திருக்கா. உங்களுக்குன்னு தனியா கட்டில் வாங்கிப் போட்டிருக்கா. அவகிட்ட நான் என்ன சொல்றது?"

மெக்கானிக் நனைந்த தரைவிரிப்பைப் பார்த்துக்கொண்டு பேசினார். அந்தச் சொல்லை அவர் வாயாலேயே சொன்னது அன்றுதான்.

"என் குறட்டைல பக்கத்து ரூம் குழந்தை ராத்திரி பூராவும் கதறுது. நீ தூங்கிட்ட, நான் கேட்டேன். யாரோ பெத்த பிள்ளைக்கே மனசு இப்படிக் கிடந்து அடிச்சுக்குதே, நம்ம பேரனை நான் அழ வைக்கிறதா? எனக்கு மட்டும் ஆசை இல்லையா? அவன் காலைல எழுந்திரிக்கறப்போ பக்கத்துல இருக்கணும்னு நான் எத்தனை நாள் நினைச்சிருப்பேன். அவன் நல்லாத் தூங்கட்டும். நான் எங்கயோ படுத்துக்கிறேன்."

மனைவிக்குக் கண் நிறைந்துவிட்டது. முட்டாள் மனுஷன் என்று திட்ட வேண்டும் போலவும் இருந்தது, கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. கையைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"இந்தக் குழந்தை அழுததுக்குக் காரணம் நீங்க இல்லைங்க. அதை உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் எனக்கு..." என்று அவள் தொடங்குவதற்குள் கதவு தட்டப்பட்டது.

பக்கத்து கேபின் பெண்தான். இடுப்பில் குழந்தை, அழுது அழுது மூக்கு சிவந்து, இன்னமும் தேம்பிக்கொண்டிருந்தது. பின்னால் அவள் கணவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான். மெக்கானிக் இந்தத் தடவை கதவைச் சாத்தவில்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு முடித்துவிடுவது என்ற முடிவுக்கு வந்திருந்தார். எழுந்து போய்க் கைகூப்பினார்.

"அம்மா, நீ எதுக்கு வந்திருக்கேன்னு தெரியும். என்னாலதான் உங்க தூக்கம் கெட்டுது. பிள்ளையை அழ வச்சுட்டேன், மன்னிச்சுடு. இன்னைக்கு ஒரு ராத்திரிதான். கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்திட்டு, கட்டில்ல தலையை வைக்காம உட்கார்ந்தே இருப்பேன். சத்தியமா ஒரு சத்தம் வராது."

அந்தப் பெண்ணின் முகத்தில் மிச்சமிருந்த உயிரும் போய்விட்டது. அவரைத் தாண்டி எட்டி, கட்டிலில் உட்கார்ந்திருந்த அவர் மனைவியைப் பார்த்தாள்.

"என்ன ஆன்ட்டி இது, அங்கிள் குறட்டை கேட்டாத்தான் எங்க பாப்பா தூங்குறா, எப்படியாவது கதவைத் திறந்து வைங்கன்னு முதல் நாளே உங்ககிட்ட அப்படிக் கெஞ்சினேனே!"